முக்காலியோடு மலையேறினால்

2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், அரசுப் பேருந்துக்கு வேண்டாம் என்பதால், வத்தலகுண்டிலிருந்து பேருந்திலேயே ஏறினேன். மேல்மலைக் கிராமங்களில் கூடாரம் போட்டுத் தங்கி, நீர்வண்ண ஓவியங்கள் தீட்டிக்கொண்டே மன்னவனூர் வரை நிதானமாகப் போவது திட்டம். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், தடித்த 300 ஜிஎஸ்எம் தாள்கட்டு, வண்ணப்பெட்டி எல்லாம் முதுகுப்பையில் அடங்கிவிட்டன. அடங்காதது ஓவியப் பலகையைத் தாங்கும் அலுமினிய முக்காலி மட்டுமே. அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கப் போன நடத்துநர், என்ன நினைத்தாரோ, அதை வாங்கித் தம் இருக்கைக்குப் பக்கத்தில் பத்திரமாகச் சாய்த்துவைத்தார். அந்த மரியாதைக்குக் காரணம் மேல்மலைக் கிராமமான பூம்பாறையில்தான் விளங்கியது.

வனத்துறை நிலத்தில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. ஆகவே குழந்தை வேலப்பர் கோயிலும் அதைச் சுற்றி நெருங்கி நிற்கும் வீடுகளும் கீழே தெரிய, படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களுக்கு மேலே, நண்பர் ஒருவரின் பட்டா நிலத்தில் இடம் கேட்டு வைத்திருந்தேன். மேகம் ஏறுவதற்குள் வெளிச்சத்தைப் பிடித்துவிடலாம் என்று, கூடாரத்தைப் பிரிக்கும் முன்பே முக்காலியை விரித்தேன்.

குல்லாவும் மப்ளருமாக ஒரு பெரியவர் வந்து கும்பிட்டார். கையிலிருந்த மஞ்சள் பையிலிருந்து பட்டா நகலையும் சிட்டாவையும் எடுத்து நீட்டி, “மனு குடுத்து எவ்வளவு நாளாச்சு சார்! இன்னைக்காவது வந்தீங்களே” என்றார்.

“ஐயா, நான் படம் வரைய வந்தவன்.”

“தெரியும் சார். படம் போட்டுட்டுத்தானே கல்லு நடுவீங்க?”

இதற்குள் எதிர்த்தரப்பான பக்கத்து நிலத்துக்காரர் ஃபிளாஸ்க்கில் தேநீரோடு வந்துவிட்டார். நில அளவையர் ஒரு தரப்பின் தேநீரைக் குடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், குளிர் வென்றது. அவர் தாளை எட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. காட்சி அழகாக அமையட்டும் என்று வேலியைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி வரைந்திருந்தேன். “வேலி எப்படி சார் இந்தப் பக்கம் வந்துச்சு?” என்று அவர் கேட்க, “ஆபீசரே போட்டுட்டாரு, இனிமே என்ன பேச்சு?” என்று பெரியவர் நிமிர்ந்தார்.

நல்லவேளையாக மேகம் ஏறியது. சமவெளியில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் முதல் பூச்சு, மலையின் ஈரக்காற்றில் நெடுநேரம் நசநசவென்றே கிடக்கும். அதன்மேல் இழுத்த கோடு எதுவாயினும் கசிந்து பரவும். தகராறுக்குரிய வேலியும் இரு பக்கமும் சமமாகக் கசிந்து காணாமல் போயிற்று. இருவரும் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “சர்க்கார் படம் எப்பவுமே இப்படித்தான்” என்று முதன்முறையாக ஒத்த கருத்துக்கு வந்தார்கள்.

அந்த ஒற்றுமையிலேயே எனக்குக் கூடாரம் அடிக்கவும் கைகொடுத்தார்கள். கடைசி முளையை அடித்து முடித்த பிறகுதான், அது தம் நிலத்தில் ஒரு சாண் உள்ளே இறங்கியிருப்பதாகப் பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார். பெரியவர் உடனே மஞ்சள் பையைத் திறந்தார்.