மரத்துக்கு முன்பே: ரமலான் குறிப்புகள்

மார்ச் 2, 2025 (பிறை 1)

நேற்று இரவு, ரமலானின் முதல் தராவீஹ் தொழுகை. தொழவைக்கும் ஹஜ்ரத், குர்ஆனின் பகரா சூராவில் (அத்தியாயத்தில்) வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். 30-ஆவது ஆயத்தில் (வசனத்தில்) என் மனம் நின்றுவிட்டது. பூமியில் ஒரு கலீஃபாவை (பிரதிநிதியை) ஏற்படுத்தப் போவதாக மலக்குகளிடம் (வானவர்களிடம்) அல்லாஹ் அறிவிக்கும் இடம். குழப்பம் செய்து ரத்தம் சிந்துகிறவனையா என்று அவர்கள் கேட்கிறார்கள். நீங்கள் அறியாததை நான் அறிவேன் என்று பதில் வருகிறது.

சஹர் சாப்பாட்டுக்கு அப்புறம் தர்ஜுமாவை (குர்ஆன் மொழிபெயர்ப்பை) எடுத்து வரிசையைப் பார்த்தேன். முதல் மனிதரான ஆதமுக்குப் பெயர்களைக் கற்றுக்கொடுத்தது 31-இல். ஷைத்தானான இப்லீஸ் அவருக்கு சுஜூது செய்ய (சிரம் பணிய) மறுத்தது 34-இல். அந்த மரத்தை நெருங்காதீர்கள் என்பது 35-இல்தான். மரம் பேச்சுக்கு வருவதற்கு முன்பே மனிதனுக்குப் பூமிதான் என்பது முடிவாகிவிட்டது. 'ஆதம் பழம் தின்றதால்தான் நாம் இங்கே கிடந்து அல்லாடுகிறோம்' என்று நம் வீடுகளிலேயே சொல்கிறோமே, அது குர்ஆனில் இல்லாத கணக்கு. இன்னொன்று: 37-இல் மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. 38-இல் மறுபடியும் 'இறங்குங்கள்' என்ற கட்டளை, கூடவே நேர்வழி வரும் என்ற வாக்குறுதி. மன்னித்த பிறகும் அனுப்புவதைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது? வேலைக்குத்தான் அனுப்புகிறான்.

மார்ச் 5

அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மாதம். ஒன்றும் படிக்கவில்லை. பள்ளிவாசல் கஞ்சி மட்டும் பிரமாதம்.

மார்ச் 10

அஃராஃப் சூரா. இதிலும் ஆதமின் வரலாறு வருகிறது. இப்லீஸ், 'நீ என்னை வழிகெடுத்தாய்' என்று அல்லாஹ்வின் மீதே பழி போடுகிறான். ஆதமும் அவர் மனைவி ஹவ்வாவும், 'எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துகொண்டோம்' என்று கையேந்துகிறார்கள். ஹவ்வா மீது தனியாகப் பழி இல்லை. ஷைத்தான் ஊசாட்டம் போட்டது (மனதைத் தூண்டியது) இருவருக்கும்தான். பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) இதை இன்னும் உரக்கச் சொல்லலாம்.

அதே சூராவில் 172-ஆவது ஆயத்தை மகளுக்குச் சொன்னேன். ஆதமின் சந்ததிகளை எல்லாம் முன்னிறுத்தி, 'நான் உங்கள் இறைவன் அல்லவா?' என்று அல்லாஹ் கேட்டானாம். ஆமாம் என்று எல்லோரும் சாட்சி சொன்னார்களாம்.

“எனக்கு ஞாபகமே இல்லையே அத்தா.”

எனக்கும்தான் இல்லை. அது உண்மையிலேயே நடந்த உடன்படிக்கை என்பது முஃபஸ்ஸிர்களில் (குர்ஆன் விரிவுரையாளர்களில்) பலருடைய கருத்து. மனிதனின் இயல்பிலேயே வைக்கப்பட்ட இறையறிவைத்தான் அப்படிச் சொல்கிறது என்போரும் உண்டு. இரண்டாவதை அவளுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது.

மார்ச் 17

ஜகாத் (கட்டாய தர்மம்) கணக்கு. நகை, வங்கி இருப்பு எல்லாம் கூட்டி இரண்டரை சதவீதம். ஹதீத் சூராவின் 7-ஆவது ஆயத்து, எதன் மீது உங்களைப் பொறுப்பாளர்களாக ஆக்கினானோ அதிலிருந்து செலவு செய்யுங்கள் என்கிறது. பகராவில் பெரிதாகத் தெரிந்த கலீஃபா பதவி, பாஸ்புக்கைத் திறந்ததும் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. பணம் என்னுடையது என்ற நினைப்பில் எடுத்தால் கை வலிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 23

அஹ்ஸாப் சூராவின் 72-ஆவது ஆயத்து. வானங்களும் பூமியும் மலைகளும் சுமக்க அஞ்சிய அமானிதத்தை (நம்பி ஒப்படைத்த பொறுப்பை) மனிதன் சுமந்துகொண்டான். அடுத்த மூச்சிலேயே, 'அவன் அநியாயக்காரன், அறிவிலி' என்றும் வருகிறது! சுயமாகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, மார்க்கக் கடமைகள் என்று அமானிதத்துக்குப் பல விளக்கங்கள் உண்டு. மலைக்குத் தப்பு செய்ய வழியே இல்லை. நமக்கு இருக்கிறது, மலக்குகள் பயந்ததும் அதைத்தானே.

மார்ச் 28 (பிறை 27)

ஜும்ஆ பயானில் தாரியாத் சூரா: ஜின்களையும் மனிதர்களையும் என்னை வணங்குவதற்காகவே படைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான், வரும் வழியில், “மாமா, நம்ம வணக்கம் அல்லாஹ்வுக்கு எதுக்கு?” என்று கேட்டான். அடுத்த ஆயத்தைச் சொன்னேன்: அவர்களிடம் நான் உணவை எதிர்பார்க்கவில்லை. தேவை நம் பக்கம்தான். தொழுகை மட்டும்தான் வணக்கம் என்று வைத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. கியாமத் (உலக முடிவு) நாளே வந்தாலும், கையில் ஈச்சங்கன்று இருந்து நட முடிந்தால் நட்டுவிடுங்கள் என்று ரசூலுல்லாஹ் (நபிகள் நாயகம்) சொன்ன ஹதீஸ் முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. பலன் பார்க்க ஆள் இல்லாத நேரத்திலும் பூமியில் வேலை பாக்கி.

மகளுக்கு வேறு கவலை. ஜின்களுக்கும் நோன்பு உண்டா, சஹருக்கு அவர்களை யார் எழுப்புவார்கள் என்கிறாள். பெருநாள் கழித்து ஹஜ்ரத்திடம் கேட்போம் என்று தள்ளிவைத்திருக்கிறேன்.