திறந்து பார்த்த ஒரு மாதம்

ஜூன் 1, 2025, ஞாயிறு

ஜனவரியிலிருந்து வீட்டுச் செலவுகளை ஒன்று விடாமல் கையால் எழுதி வருகிறேன். இன்று ஐந்து மாதக் கணக்கையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேன். ஆசைப்பட்டு வாங்கிய பொருள்களுக்கான செலவு நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. அவற்றை வாங்குமுன் யோசித்திருக்கிறேன் என்பது தெரிகிறது. யோசிக்காமல் போன பணம் வேறு இரண்டு வழிகளில் போயிருக்கிறது. ஒன்று, பழுதானதும் உள்ளே என்ன ஆயிற்று என்று பாராமலே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கியவை. மற்றொன்று, வாங்கவே இல்லாமல் தண்ணீராகவும் மின்சாரமாகவும் சத்தமின்றிக் கசிந்தவை. எனவே இந்த மாதம் ஒரே ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்கிறேன்: எந்தப் பொருள் பழுதானாலும், ஆபத்தில்லாத வரையில், முதலில் அதைத் திறந்து பார்ப்பேன்.

ஜூன் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய் பல மாதங்களாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. ‘சொட்டுத்தானே’ என்று விட்டிருந்தேன். இன்று இரவு அதன் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து, சரியாக ஒரு மணி நேரம் கழித்து அளந்தேன். 350 மில்லி லிட்டர் இருந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 8.4 லிட்டர்; ஓர் ஆண்டுக்கு மூவாயிரம் லிட்டருக்கும் மேல்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று காலை முழுவதும் அந்தக் குழாயோடுதான் கழிந்தது. இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து, உள்ளே தேங்கியிருந்த நீரை வடியவிட்டேன். திருகாணி ஏதேனும் கைதவறி விழுந்தால் சாக்கடைக்குள் போய்விடும் என்பதால் தொட்டியின் துளையைத் துணியால் அடைத்தேன். கைப்பிடியைத் திருப்புளியால் கழற்றியதும் அதன் கீழே அறுகோண வடிவில் ஒரு நட்டு இருந்தது. அதன்மேல் ஒரு துணியைச் சுற்றி, பூச்சு உரியாதபடி ஸ்பானரால் மெல்லத் தளர்த்தியபோது உள்ளிருந்த தண்டு அப்படியே வெளியே வந்தது. அதன் நுனியில், சட்டைப் பொத்தான் அளவில், கறுப்பு ரப்பர் வாஷர். இத்தனை நாள் சொட்டியதற்கு அது ஒன்றுதான் காரணம். நெகிழ்வாக இருக்க வேண்டிய ரப்பர் இறுகிப்போய், நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அந்தப் பள்ளத்தை ஆழமாக்கியதில் என் பங்கும் உண்டு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். சொட்டத் தொடங்கிய நாளிலிருந்து, நிற்க வேண்டும் என்று, குழாயை மேலும் மேலும் இறுக்கி மூடி வந்திருக்கிறேன். ஒவ்வோர் இறுக்கலிலும் உலோக விளிம்பு ரப்பரை இன்னும் கொஞ்சம் நசுக்கியிருக்கிறது. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்திருந்தால் கை தானாகவே அளவோடு நின்றிருக்கும்.

கண்ணளவில் வாங்கி வைத்திருந்த வாஷர் சற்றுச் சிறியதாக இருந்ததால் முன்னைவிட வேகமாக ஒழுகியது. பழைய வாஷரைக் கையோடு எடுத்துச் சென்று, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஒத்த அளவில் வேறொன்றை வாங்கி வந்து பொருத்தினேன். நண்பகலுக்குள் குழாய் நின்றுவிட்டது. இரண்டு விரலால் மூடினாலே போதுமானதாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

மின்சாரக் கசிவை எப்படி அளப்பது என்று சில நாள்களாக யோசித்து வந்தேன். என் மின்மானியின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் என்று அதன்மேலேயே அச்சிட்டிருக்கிறது. விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி என்று தெரிந்து பயன்படுத்தும் அனைத்தையும் நிறுத்திவிட்டு, செருகியவற்றைச் செருகியபடியே விட்டு, கால் மணி நேரம் எண்ணினேன். 16 முறை சிமிட்டியது. மணிக்கு 64 முறை என்றால் அது 20 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத வீட்டில், ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, பகலும் இரவும் ஓயாமல் எரிவதற்கு ஒப்பானது இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 175 யூனிட் ஆகிறது. தொலைக்காட்சியோடு இணைந்த பெட்டியும், உறக்க நிலையில் விட்டிருந்த கணினியும்தான் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. அவற்றை ஒரே நீட்டிப்புப் பலகையில் சேர்த்து, இரவில் ஒரே பொத்தானில் நிறுத்தும்படி செய்துவிட்டேன்.

ஆயினும் சிக்கனத்தில் அளவறிவு இல்லாவிட்டால் அது வெறும் மனக்கிலேசமாகிவிடும் என்பதையும் இன்றே கற்றேன். கைப்பேசியின் மின்னேற்றியைச் சுவரிலேயே விட்டுவிட்டதற்காக வீட்டில் எத்தனை முறை கடிந்துகொண்டிருக்கிறேன்! அது சும்மா இருக்கையில் பத்தில் ஒரு வாட் இழுக்கிறது என்று கொண்டால், ஆண்டு முழுவதும் அப்படியே இருந்தாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. அதே வேளையில், குளிப்பதற்காக 15 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.6 யூனிட் தேவைப்படுகிறது. இதுவரை ஒரு நாள் முழுவதும் கசிந்துகொண்டிருந்த மின்சாரம் 0.48 யூனிட்தான். ஆகவே இனி எவரையும் மின்னேற்றிக்காகக் கடியப் போவதில்லை. வெந்நீரைத்தான் குறைக்கப் பார்க்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

மைக்ரோவேவ் அடுப்பு சூடேற்றுவதை நிறுத்திவிட்டது. இதைத் திறக்கவில்லை. அதனுள் உள்ள மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பின்பும், உயிரைப் பறிக்கக்கூடிய மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைத்தேன். அந்தச் செலவைக் கணக்கில் எழுதும்போது சிறிதும் வருத்தம் ஏற்படவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முழங்கைப் பக்கம் நைந்து, சிறு துளை விழுந்த சட்டை ஒன்றை அம்மாவிடம் எடுத்துச் சென்றேன். தைத்துக் கொடுப்பார் என்று எண்ணினேன். ஊசியை என் கையில் கொடுத்து, “உட்காருப்பா, நீயே போடு, நான் சொல்றேன்” என்றார்.

துளையின் ஓரத்திலிருந்து தொடங்கப் போன என்னைத் தடுத்து, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். துளையைச் சுற்றி ஒரு விரற்கடை தூரம்வரை துணி மெலிந்து, ஒளி ஊடுருவிக்கொண்டிருந்தது. நைந்த இடத்தில் போட்ட தையல் அந்த நைந்த துணியையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்பதால், உறுதியான துணியில் தொடங்கி, உறுதியான துணியில்தான் முடிக்க வேண்டுமாம். முதலில் நெடுக்கு வசத்தில் இழை ஓட்டினேன். துளை வந்த இடத்தில் நூல் அந்தரத்தில் பாவு போல நின்றது. பிறகு குறுக்கே, ஒன்றன் மேலும் அடுத்ததன் கீழுமாக, ஊடை போலப் பின்னினேன். ஒவ்வொரு வரிசையின் திருப்பத்திலும் நூலை முழுவதும் இழுக்காமல் சிறு வளையம் விடச் சொன்னார். துவைத்த பின் நூல் சுருங்கும்போது துணியைச் சுருட்டிவிடாமல் இருக்க அந்த இளக்கம் வேண்டும்.

உறுதியாக இருக்கட்டும் என்று தடித்த நூலை எடுத்திருந்தேன். அம்மா அதை வாங்கி வைத்துவிட்டு, அந்தச் சட்டையின் உள்மடிப்பிலிருந்தே சில இழைகளை உருவிக் கொடுத்தார். துணியைவிட நூல் வலுவாக இருந்தால், நாளடைவில் அது துணியை அறுத்துவிடும். இரண்டு மணி நேரமானது. ஒரு விரல்நக அளவுத் துணியை நெய்திருக்கிறேன். ஒட்டு கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தால் என்ன, நாளை அதையே அணிந்துகொண்டு வேலைக்குப் போகப் போகிறேன்.

ஜூன் 27, வெள்ளி

இந்த மாதத்தில் முதன்முறையாக, திறக்க முயன்று தோற்றேன். காதில் அணியும் ஒலிக்கருவி ஒன்று. மின்கலம் தேய்ந்துவிட்டது, மற்ற அனைத்தும் நன்றாக இருக்கின்றன. ஆனால் திருகாணி ஒன்றுகூட இல்லாமல் முழுவதையும் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். உடைக்காமல் உள்ளே போக வழியில்லை.

பொருள் நெடுநாள் உழைக்காதபடி செய்வது புதிய வழக்கமும் அன்று. மின்விளக்கு உற்பத்தியாளர்கள் 1924-இல் ஜெனீவாவில் கூடி, விளக்கின் ஆயுளை 1000 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ள உடன்பட்டு, அதைவிட அதிக நேரம் எரியும் விளக்கைச் செய்த உறுப்பினர்களுக்கு அபராதமும் விதித்தார்கள். தன் கையே தனக்குதவி என்று நான் எவ்வளவுதான் உறுதி பூண்டாலும், திறக்க முடியாதபடி செய்த பொருளின் முன் அந்த உறுதி செல்லாது. பழுதுநீக்கும் உரிமையை வலியுறுத்தி ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டம் இயற்றியது மனத்துக்கு ஆறுதல் தருகிறது. நான் செய்யக்கூடியது, வாங்குமுன் பொருளைத் திருப்பிப் பார்த்துத் திருகாணி இருக்கிறதா என்று தேடுவது. இனி அதைச் செய்வேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஜூன் கணக்கை முடித்தேன். ‘பழுதால் புதிது’ என்ற பத்தியில் அந்த ஒலிக்கருவிக்கு மாற்றாக வாங்கியது மட்டுமே இருக்கிறது. இரவில் மின்மானியை மறுபடி எண்ணினேன்: கால் மணி நேரத்தில் ஐந்து சிமிட்டல்கள். மீந்த வாஷர்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, எந்தக் குழாய்க்கு எந்த அளவு என்று மூடியில் எழுதி வைத்தேன். மாலையில் பக்கத்து வீட்டு அக்கா, தங்கள் குளியலறைக் குழாயும் சொட்டுகிறது என்று சொல்லி ஸ்பானர் கேட்டு வந்தார். கொடுத்ததோடு நில்லாமல் நானும் உடன் சென்றேன். வால்வை மூடியது முதல் வாஷரைப் பொருத்தியது வரை எல்லாவற்றையும் அவரே செய்தார். நான் பக்கத்தில் நின்று கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.