பவுல் பாடிய ஊரில் ஒரு பகல்

பிலிப்பியில் இப்போது யாரும் குடியில்லை. கிரேக்க நாட்டின் வடக்கே, கவாலா துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உள்ளே, ஒரு குன்றின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் கற்கள்தான் மிச்சம். கிறிஸ்துவைப் பற்றிப் பிரசங்கிக்க வந்த அப்போஸ்தலன் பவுல் கப்பலை விட்டு இறங்கிய நெயாப்போலிதான் இன்றைய கவாலா. அங்கிருந்து அவர் நடந்து வந்தார். நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

சபையிலிருந்து ஒரு குழுவாகக் கிளம்பியிருந்தோம். தம்பி இறந்து ஓராண்டு கூட ஆகாத நேரம். அம்மாவை வற்புறுத்தித்தான் அழைத்து வந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர், "விசுவாசி அழலாமா? சந்தோஷமா அனுப்பி வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அம்மா அன்றிலிருந்து பிறர் முன்னால் அழுவதை நிறுத்திவிட்டார். கூடவே பாடுவதும் நின்றுபோனது. ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார்.

முதலில் ஆற்றங்கரைக்குப் போனோம். ஓய்வுநாளில் பட்டணத்துக்கு வெளியே ஆற்றினருகே கூடியிருந்த பெண்களிடம் பவுல் உட்கார்ந்து பேசினார் என்று வேதத்தில் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. அதில் ஒருத்திதான் தியத்தீரா ஊராளான, இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த செந்நீலத் துணி விற்கிற லீதியாள். ஆறு என்றாலும் ஓடை அளவுதான் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு வசதியாகக் கரையில் படிகள் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் லீதியாள் பெயரால் ஒரு புதிய ஆலயமும் உண்டு. போதகர் ஜெபித்தார், படம் எடுத்துக்கொண்டோம், கிளம்பினோம். இடம் அழகுதான், ஆனால் எனக்கு மனதில் ஒன்றும் அசையவில்லை.

இடிபாடுகளுக்குள் நுழைந்ததும் நிலைமை வேறு. மக்கெதோனிய அரசன் இரண்டாம் பிலிப்பு கி.மு. 356இல் கைப்பற்றித் தன் பெயரைச் சூட்டிய ஊர் இது. கி.மு. 42இல் ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காஸியஸும் தோற்றது இந்தச் சமவெளியில்தான். அதன்பின் ஓய்வுபெற்ற ரோமப் போர்வீரர்களைக் குடியேற்றி இதை ரோமக் குடியேற்ற நகரமாக்கினார்கள். 'ரோமராகிய நமக்குத் தகாத முறைமைகளைப் போதிக்கிறார்கள்' என்று பவுல்மேல் குற்றம் சாட்டியபோது ஊரே திரண்டு வந்ததற்குக் காரணம் அதில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் அடித்த ஆளும் ரோமக் குடியுரிமை உள்ளவர்தான்.

சந்தைவெளி நன்றாகவே தெரிகிறது. இப்போது பார்க்கிற கல்தளமும் தூண்களும் பெரும்பாலும் பவுலுக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவை. இருந்தாலும், அவரையும் கூட வந்த ஊழியர் சீலாவையும் அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டுபோய், வஸ்திரங்களைக் கிழித்து, பலருக்கு முன்னால் அடித்தது இந்தப் பக்கத்தில்தான் என்று நினைத்தபோது கால் தானாக நின்றது. ஒட்டினாற்போல் பழைய எக்னாத்தியா பெருஞ்சாலையின் கற்கள் ஓடுகின்றன. வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளம் அவற்றில் இன்னும் இருக்கிறது. அம்மா குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார்.

மேலே, குன்றின் சரிவில், 'பவுலின் சிறை' என்று காட்டும் இடம். கல்லால் கட்டிய சிறிய அறை. ஆராய்ச்சியாளர்கள் இதை ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி என்கிறார்கள். பிற்காலக் கிறிஸ்தவர்கள் அதைச் சிறை என்று நம்பி வணங்கி, சுவரில் சித்திரமும் தீட்டியிருக்கிறார்கள். குழுவில் ஒருவருக்கு இதில் பெரிய ஏமாற்றம். எனக்கு அப்படி இல்லை. அந்த இரவில் நடந்தது இந்த அறையில் என்றால் என்ன, பத்தடி தள்ளி என்றால் என்ன?

போதகர் வாசித்தார்: "நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப் பாடினார்கள்." நூறு தடவை கேட்ட வசனம். வாசித்து முடித்ததும் அம்மா மெதுவாகக் கேட்டார்:

"காயத்தைக் கழுவினது அப்புறம்தானே?"

போதகர் வேதத்தைத் திரும்பப் பார்த்தார். ஆமாம். பாடினது 25ஆம் வசனம். சிறைச்சாலைக்காரன் அவர்களை அழைத்துக்கொண்டுபோய்க் காயங்களைக் கழுவினது 33ஆம் வசனம். அப்படியானால் முதுகில் இரத்தம் காயாமல், கால் தொழுமரம் என்ற கட்டையில் மாட்டியபடி, கதவு திறக்கும் என்ற தகவல் எதுவும் கையில் இல்லாமல் பாடியிருக்கிறார்கள். வலி போன பிறகு வந்த பாட்டு இல்லை அது. பூமி அதிர்ந்து விடுதலை வந்ததை வைத்தே இந்தச் சம்பவத்தை எப்போதும் பிரசங்கிக்கிறோம். பாடின நேரத்தில் அது அவர்களுக்குத் தெரியாது.

அங்கேயே ஒரு நிழலில் உட்கார்ந்து இந்த ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதின கடிதமான பிலிப்பியர் நிருபத்தை ஆளுக்கு ஒரு பகுதியாக வாசித்தோம். நாலே அதிகாரம்தான். ரோமாபுரியில் காவலில் இருந்தபோது பவுல் எழுதியது என்பது திருச்சபை மரபு. 'சந்தோஷம்' என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். இரண்டாம் அதிகாரம் அம்மாவின் முறை. எப்பாப்பிரோதீத்து என்பவன் இந்த ஊர்க்காரன், பவுலுக்கு உதவி கொண்டுபோன இடத்தில் சாகக் கிடந்து பிழைத்தவன். தேவன் அவனுக்கு இரங்கினதுமல்லாமல், "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு, எனக்கும் இரங்கினார்" என்கிறார் பவுல். அந்த இடத்தில் அம்மாவுக்குக் குரல் அடைத்தது.

"அவன் செத்திருந்தா பவுல் அழுதிருப்பார்" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எல்லார் முன்னாலும், நன்றாகவே அழுதார். யாரும் தடுக்கவில்லை. மூன்றாம் அதிகாரத்திலும் பவுல் கண்ணீரோடு எழுதுவதாகச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. அப்புறம் நான்காம் அதிகாரத்தில் அதே கையால், "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்கிறார். துக்கம் தனக்கு இல்லவே இல்லை என்று பவுல் எங்கும் சொல்லவில்லை. துக்கத்தோடு சேர்ந்தே இருக்கக்கூடிய சந்தோஷம் அது. கிறிஸ்து கூட இருக்கிறார் என்பதில் நிற்கிறது. அதனால் அழுகை அதைக் கெடுப்பதில்லை. இதை யாராவது துக்க வீட்டிலேயே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீதி வசனங்களையும் வாசித்து முடித்தார். போதகர் பாட்டு எடுத்தபோது சேர்ந்து பாடினார். சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது.

எண்கோண ஆலயத்தையும், கி.பி. நாலாம் நூற்றாண்டில் போர்பிரியோஸ் என்ற பேராயர் பவுலின் பெயரால் அமைத்த தரைச் சித்திரத்தின் எழுத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வெயில் ஏறிவிட்டதால் நாடக அரங்குக்குப் போகவில்லை.

தெசலோனிக்கே போகும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக இரண்டு சகோதரிகளுக்குள் வாக்குவாதம். காலையிலேயே ஆரம்பித்தது அது. போதகர் எழுந்து, சந்தோஷமாயிருங்கள் என்பதற்கு இரண்டு வசனம் முன்னால், எயோதியாளும் சிந்திகேயாளும் ஒரே சிந்தையாயிருக்கும்படி பவுல் கெஞ்சுவதை வாசித்தார். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஜன்னலோரத்தில் இருந்தவர் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாவம், என்ன சண்டைன்னு கூட எழுதலை, பேரை மட்டும் எழுதி வச்சிட்டாரு. ரெண்டாயிரம் வருஷமா உலகமே வாசிக்குது" என்றார் அம்மா.