குளிரில் வேகமெடுக்கும் வேதிவினை

"சூடு குறைஞ்சா வினையும் மெதுவாகும்லா சார், அப்போ விண்வெளியில ஒண்ணுமே நடக்காதோ?" மார்த்தாண்டம் டியூஷனில் ஒரு பிள்ளை கேட்டாள். எவ்வளவு அருமையான கேள்வி!

நடக்கும் மக்ளே. 2013இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் வாயுவை நாசில் என்ற குறுகிய வாய் வழியே பீய்ச்சி, மைனஸ் 210 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து, மெத்தனால் என்ற ஆல்கஹாலோடு ஹைட்ராக்சிலை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) வினைபுரிய விட்டார்கள். அறை வெப்பநிலையில் நடப்பதைவிடச் சுமார் 50 மடங்கு வேகம்!

அந்தக் குளிரில் இரண்டும் மோதிய உடனே பிரிவதில்லை. தளர்வாக ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கின்றன. அந்த நேரம் போதும். மெத்தனாலின் ஹைட்ரஜன் அணு ஒன்று, வினை நடக்கத் தாண்ட வேண்டிய மேடு போன்ற ஆற்றல் தடையை ஏறிக் கடக்காமல் அதற்குள் புகுந்தே மறுபக்கம் போய்விடும். இதுதான் குவாண்டம் சுரங்க விளைவு. அப்புறம் கிடைப்பது மெத்தாக்சி, அதாவது ஒரு ஹைட்ரஜனை இழந்த மெத்தனால். விண்மீன்களுக்கு இடையிலுள்ள குளிர்ந்த மேகத்திலும் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.