மிதி கால்வாயின் வழியே: தென் பிரான்ஸ் நாட்குறிப்பு

செப்டம்பர் 8, துலூஸ்

தென் பிரான்ஸில் லாங்கதோக் பக்கம் போகிறோம் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கோட்டைகளைப் பற்றித்தான் பேசினார்கள். நானும் கோட்டைக்காகவும் சாப்பாட்டுக்காகவும்தான் கிளம்பினேன். அண்ணன் கிளம்பியது மிதி கால்வாய்க்காக. பொதுப்பணித் துறையில் மதகும் கலுங்கும் பார்த்தே காலம் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஓடும் தண்ணீரைக் கண்டால் அது எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்காமல் நகர மாட்டார். போதாக்குறைக்குச் சைவம். வாத்துக் கொழுப்பு படாத சட்டியே இல்லாத ஊர்களுக்கு அவரை அழைத்து வந்திருக்கிறேன்.

துலூஸ் செங்கல் நகரம். சுற்று வட்டாரத்தில் நல்ல கல் கிடையாது. கரோன் ஆற்றுப் படுகையில் களிமண் தாராளம். ஆகவே தேவாலயம், பாலம், மாளிகை எல்லாமே செங்கல். மாலை வெயிலில் தெருக்கள் இளஞ்சிவப்பாகின்றன. தெருப் பலகைகளில் பிரெஞ்சுக்குக் கீழே ஒக்சித்தான் மொழி. மெட்ரோவிலும் நிலையத்தின் பெயரை இரண்டு மொழிகளிலும் அறிவிக்கிறார்கள். பாரிஸ் பல காலம் பள்ளிக்கூடங்களில் அடக்கிவைத்த மொழி இது; இப்போது ரயில் பெட்டிக்குள் கேட்கிறது.

அசேசா மாளிகைக்குப் போனோம். 1555-இல் கட்டத் தொடங்கியவர் ஒரு சாய வணிகர். பாஸ்தெல் என்ற செடியின் இலைகளை அரைத்து, உருண்டை பிடித்து, உலர்த்திப் புளிக்கவைத்தால் நீலச் சாயம். துலூஸ் வணிகர்கள் அதை ஐரோப்பா முழுவதும் விற்றுக் கொழித்தார்கள். அந்த வணிகம் சரியத் தொடங்கியதற்கு அளவுக்கு மீறிய விளைச்சலும் மதப் போர்களும் காரணம். எழவே விடாமல் அடித்தது நம் ஊர்ப் பக்கத்து அவுரி. கடல் வழியாக வந்து இறங்கிய இந்திய நீலத்தில் சாயச் சத்து பல மடங்கு அதிகம். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி 1609-இல் அவுரியைப் பயன்படுத்தினால் மரண தண்டனை என்று ஆணை போட்டும் தடுக்க முடியவில்லை. மாளிகையின் முற்றத்தில் நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடம், அண்ணனுக்குக் கொஞ்சம் பெருமை.

செப்டம்பர் 9, அல்பி

ரயிலில் ஒரு மணி நேரம். செயின்ட் சிசிலியா கதீட்ரலை முதலில் பார்த்தபோது கோயில் என்றே தோன்றவில்லை. குறுகிய ஜன்னல்களும் உருண்ட சுவர்களுமாக அரண் போல எழுந்து நிற்கிறது. அப்படித் தோன்றவேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். கத்தார்கள் எனப்பட்ட மாற்றுக் கிறித்தவர்களைப் போப்பின் படைகள் நசுக்கி முடித்த பின், 1282-இல் தொடங்கிய வேலை. கட்டவைத்த ஆயர் மத விசாரணையிலும் கைதேர்ந்தவர். திருச்சபை இனி யாருக்கும் அஞ்சாது என்பதை ஊர் மக்களுக்குச் செங்கல்லால் சொல்லியிருக்கிறார்.

உள்ளே நுழைந்தால் வேறு உலகம். மேற்கூரை முழுவதும் நீலமும் பொன்னும். இத்தாலியின் பொலோஞாவிலிருந்து வந்த ஓவியர்கள் 1509 முதல் 1512 வரை தீட்டியது. மேற்குச் சுவரில் இறுதித் தீர்ப்பு ஓவியம். நரகத்தில் ஒவ்வொரு பாவத்துக்கும் ஒரு தண்டனை, பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் இருக்கவேண்டிய தீர்ப்பு வழங்கும் இயேசுவைக் காணவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஒரு வாசல் வைக்கச் சுவரை இடித்துவிட்டார்கள். குற்றவாளிகள், சாட்சிகள், தண்டனை எல்லாம் இருக்க, நீதிபதி மட்டும் இல்லாத நீதிமன்றம்.

பக்கத்து ஆயர் மாளிகையில் துலூஸ்-லோத்ரெக் அருங்காட்சியகம். பாரிஸின் இரவு விடுதிகளையும் விலைமாதர் இல்லங்களையும் வரைந்த ஓவியரின் படங்கள் ஆயர் வாழ்ந்த அறைகளில் தொங்குகின்றன. இந்த நகைச்சுவை எனக்குப் பிடித்தது. தார்ன் ஆற்றங்கரையில் ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 11, நொரூஸ்

வாடகைக் கார் எடுத்து அண்ணனின் தலத்துக்கு வந்தாயிற்று. சுற்றுலாப் பயணிகள் என்று சொல்ல எங்களைத் தவிர சைக்கிளில் வந்த இருவர்தான். மரங்கள், ஒரு சின்ன மதகு, ஒரு நினைவுத் தூண். அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிவது.

தெரியாதது இதுதான். நொரூஸ் ஒரு வீட்டுக் கூரையின் முகடு. இந்தப் பக்கம் விழும் மழை கரோன் வழியாக அட்லான்டிக் போகும். அந்தப் பக்கம் விழுவது மத்தியதரைக் கடலுக்கு. கடல் மட்டத்துக்கு மேல் 189 மீட்டர். இரண்டு கடல்களையும் கால்வாயால் இணைத்தால் கப்பல்கள் ஸ்பெயினைச் சுற்றிக்கொண்டு ஜிப்ரால்டர் வழியே போகவேண்டியதில்லை என்பது பழைய கனவு. மன்னர்கள் பலர் யோசித்துக் கைவிட்டார்கள். கால்வாய் வெட்டுவதில் சிக்கல் இல்லை. முகட்டில் படகு ஏறி இறங்க ஒவ்வொரு முறையும் தண்ணீர் இரு பக்கமும் வழிந்துவிடும். முகட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருவது?

அதற்கு விடை சொன்னவர் பொறியாளரே அல்ல. பியேர்-போல் ரிக்கே, உப்பு வரி வசூலிக்கும் குத்தகைக்காரர். வரிக்காக ஊர் ஊராகச் சுற்றியதில் வடக்கே இருக்கும் கருமலையின் ஓடைகள் அவருக்கு அத்துப்படி. அந்த ஓடைகளை மறித்து, செயின்ட் ஃபெரியோலில் அணை கட்டித் தேக்கி, சரிவு கெடாமல் வாய்க்கால் வழியே வளைத்து வளைத்து நொரூஸுக்குக் கொண்டுவரலாம் என்று 1662-இல் அமைச்சர் கொல்பேருக்கு எழுதினார். 1666-இல் பதினான்காம் லூயியின் ஆணை கிடைத்தது.

அண்ணன் வாய்க்காலின் கரையில் குந்தி, ஓர் இலையை மிதக்கவிட்டு அதன் பின்னாலேயே நடந்தார். "சரிவைப் பார்த்தாயா? கண்ணுக்கே தெரியவில்லை. தண்ணீருக்கு மட்டும் தெரிகிறது" என்றார். எனக்குப் பசி.

இங்கே எண்கோண வடிவில் ஒரு பெரிய குளமும் வெட்டியிருக்கிறார்கள். வண்டல் சேர்ந்து தூர்ந்துபோய்க் கைவிடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் மரங்கள். அண்ணனுக்கு அதில்தான் அதிக ஆர்வம். வெற்றி பெற்ற கட்டுமானத்தைவிடத் தூர்ந்த குளத்தைச் சுற்றித்தான் நீண்ட நேரம் நடந்தார்.

வேலை மும்முரமாக நடந்தபோது 12,000 பேர் வரை உழைத்தார்களாம், பெண்களும் ஏராளம். ரிக்கே மாதச் சம்பளம் கொடுத்தார். மழை நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பிடித்தம் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் இப்படி ஒரு முதலாளி என்பது எனக்கு அணையைவிட ஆச்சரியமாக இருக்கிறது. ஆள் கிடைக்கவேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். இருக்கட்டுமே.

செப்டம்பர் 12, கஸ்தெல்நோதாரி

இன்று என்னுடைய நாள். கசூலே.

வெள்ளை மொச்சை போன்ற பீன்ஸ், கொழுப்பில் பதப்படுத்திய வாத்து, பன்றி இறைச்சி, துலூஸ் சாஸேஜ். இவற்றைக் கசோல் என்ற மண்சட்டியில் அடுக்கி மணிக்கணக்கில் அடுப்பில் விடுகிறார்கள். பக்கத்து இசெல் கிராமத்துக் குயவர்கள் செய்த சட்டி அது. வாய் அகன்று அடி குறுகியிருக்கும், ஆகவே மேலே ஆடை கட்டப் பரப்பு அதிகம். ஆடை கட்டக் கட்ட உடைத்து உள்ளே அழுத்தவேண்டும். ஏழு முறை என்பது மரபு. ஏழு முறை உடைத்தார்களா என்று என்னால் சொல்ல முடியாது. அடியில் இருந்த பீன்ஸ் உடையாமல், ஆனால் நாக்கில் வைத்ததும் கரைந்தது.

நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது ஊரார் கையில் இருந்ததையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுச் சமைத்துத் தின்று, தெம்பு வந்து எதிரியை விரட்டினார்கள் என்று கதை. நல்ல கதைதான். ஆனால் 1355-இல் ஆங்கில இளவரசன் வந்து ஊரைக் கொளுத்திவிட்டுத்தான் போனான். மேலும், இந்த பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்ததே கொலம்பஸுக்குப் பிறகு. அந்தக் காலத்துச் சட்டியில் வேறு அவரை இருந்திருக்கவேண்டும்.

கார்க்காசோனில் பிறந்த சமையல் கலைஞர் ப்ரோஸ்பேர் மொந்தாஞே, கசூலேயைத் திரித்துவமாகவே ஆக்கிவிட்டார்: கஸ்தெல்நோதாரி தந்தை, கார்க்காசோன் மகன், துலூஸ் தூய ஆவி. மூன்று ஊர்களும் இன்னும் சண்டையிட்டுக்கொள்கின்றன. நான் தந்தையின் கட்சி.

அண்ணனுக்கு ஆம்லெட். பரிமாறிய பெண்மணி அவரை மருத்துவமனைக்குப் போகவேண்டிய ஆளைப் போலப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு கால்வாயின் பெரிய குளத்தைச் சுற்றி நடந்தோம். சாப்பிட்டது நான், செரிக்க வழி காட்டியது அவர்.

செப்டம்பர் 13, கார்க்காசோன்

இரட்டை மதில், 52 கோபுரங்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது மூச்சு நிற்கிறது. கிட்டே போனால் பொம்மைக் கத்தி விற்கும் கடைகள்.

1659-இல் ஸ்பெயின் எல்லை தள்ளிப்போனதும் கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. மதில்களுக்கு நடுவில் ஏழைகள் வீடு கட்டிக்கொண்டார்கள். கல்லைப் பெயர்த்துப் போனார்கள். இடித்துவிடலாம் என்றே அரசு முடிவெடுத்திருந்தது. உள்ளூர் அறிஞர்களும் எழுத்தாளர் மெரிமேயும் போராடி 1850-இல் அதை நிறுத்தினார்கள். 1853 முதல் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துய்க் புதுப்பித்தார். கோபுரங்களுக்குக் கூம்புக் கூரை, அதில் வடக்கத்திக் கற்பலகை (ஸ்லேட்). இந்தப் பக்கத்துக் கூரை தாழ்வானது, ஓடு வேய்ந்தது. ஆகவே இன்றும் அவரைத் திட்டுகிறார்கள். பின்னாளில் சில கோபுரங்களுக்கு ஓட்டுக்கூரையே திரும்பப் போட்டார்கள். எனக்கு அவர்மீது கோபம் இல்லை. அவர் தலையிடாவிட்டால் திட்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் மதில்களுக்கு நடுவே குடியிருந்த நெசவாளர் வீடுகள் அகற்றப்பட்டதைப் பற்றி ஒரு பலகையாவது பெரிதாக வைத்திருக்கலாம்.

1209 ஆகஸ்டில் இங்கே இளம் பிரபு ட்ரான்கவெல், கத்தார்களை ஒழிக்க வந்த போப்பின் படையிடம் சரணடைந்தார். நவம்பரில் தன் சொந்தக் கோட்டையின் சிறையிலேயே இறந்தார். அதற்கு முன் ஜூலை 22 அன்று பெஸியே நகரத்தில் அதே படை நடத்திய படுகொலைச் செய்திதான் அவரை வளைத்திருக்கவேண்டும்.

மாலையில் கீழ்ப்பட்டணத்துக்கு இறங்கினோம். ரிக்கே காலத்தில் கால்வாய்க்குப் பங்குப் பணம் கேட்டபோது நகரத்தார் கையை விரித்துவிட்டார்களாம். கால்வாய் ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போயிற்று. பின்னால் வருந்தி, செலவு செய்து, 1810-இல்தான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். "எந்த ஊர் நகராட்சியும் இப்படித்தான்" என்றார் அண்ணன்.

செப்டம்பர் 14, மினெர்வ்

சுண்ணாம்புப் பாறையை இரண்டு ஆறுகள் அறுத்துப் போக, நடுவில் நிற்கும் கிராமம். வழியெங்கும் திராட்சை அறுவடை. டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தே வந்தோம்.

1210-இல் அந்தப் படையின் தலைவர் சிமோன் தெ மொன்ஃபோர் இதை முற்றுகையிட்டார். எதிர்க்கரையில் நிறுத்திய பெரிய கல்லெறி பொறிக்குக் 'கெட்ட அண்டைவீட்டுக்காரி' என்று பெயர் வைத்தார்கள். அது குறிவைத்தது அரண்மனையை அல்ல. பள்ளத்தாக்கின் அடியில் இருந்த கிணற்றுக்கு இறங்கும் வழியை. கோடைக்காலம். தண்ணீர் போனதும் ஊர் விழுந்தது. நம்பிக்கையைக் கைவிட மறுத்த ஏறக்குறைய 140 கத்தார்களை எரித்தார்கள்.

கிணறு இருந்த இடத்துக்கு இறங்கிப் பார்த்தோம். ஆற்றுப் படுகை வறண்டு கிடந்தது. அண்ணன் வழக்கத்துக்கு மாறாக விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மேலே கல்லில் புறா வடிவத்தை வெற்றிடமாகச் செதுக்கிய சிறு நினைவுச் சின்னம் இருக்கிறது. புகைப்படம் எடுத்தேன், நன்றாக வரவில்லை.

செப்டம்பர் 16, பெஸியே

ரயிலில் வந்தோம். கால்வாயின் வணிகத்தை ஒழித்ததும் இந்த ரயில் பாதைதான். 1857-இல் பாதை திறந்தது. அடுத்த ஆண்டே கால்வாயை அதே ரயில் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள். போட்டியாளனிடமே சாவியைக் கொடுத்த கதை. அண்ணன் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டு வந்தார்.

ரிக்கே பிறந்த ஊர் இது. ஃபோன்செரான் நீர்ப்படிகள் அவர் சொந்த ஊருக்குக் காட்டிய வித்தை: அடுத்தடுத்து எட்டுத் தொட்டிகள், ஒன்பது கதவுகள், 21.5 மீட்டர் இறக்கம். தொட்டிகள் முட்டை வடிவம். ஆரம்பத்தில் நேர்ச்சுவராகக் கட்டியது மண்ணின் அழுத்தத்தில் சரிந்ததால் சுவரை வளைத்துக் கட்டினார்களாம். விடுமுறைப் படகுகள் ஒவ்வொன்றாக இறங்குவதைக் கரையில் நின்று ஒரு கூட்டமே பார்க்கிறது. யாராவது கயிற்றைத் தவறவிட்டால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பக்கத்திலேயே படகுகளை ஏற்றி இறக்க 1980-களில் கட்டிய நவீன 'நீர்ச் சரிவு' இயந்திரம் துருப்பிடித்து நிற்கிறது. தொல்லை கொடுத்துக் கொடுத்துக் கைவிடப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டுக் கதவுமுறை இன்னும் வேலை செய்கிறது. இதை அண்ணன் படம் எடுத்து ஓய்வுபெற்ற நண்பர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

கரையின் சில பகுதிகளில் நிழல் இல்லை. கால்வாயோரம் ஏறக்குறைய 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு பிரான்சுக்கு வந்தது என்கிறார்கள். மருந்து இல்லை. வெட்டி எரித்துவிட்டு வேறு மரங்களைக் கலந்து நடுகிறார்கள். இளங்கன்றுகளின் வரிசை அழகாக இல்லை. ஆனால் பழைய மரங்களும் ரிக்கே காலத்தவை அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்டவைதான்.

செப்டம்பர் 17, செத்

240 கிலோமீட்டர் ஓடி வந்த கால்வாய் தோ ஏரியில் கலக்கிறது. அதற்கு அப்பால் இந்தத் துறைமுகம். கால்வாய்க்காகவே 1666-இல் அடிக்கல் நாட்டியது. 1681-இல் முதல் படகுகள் வந்தபோது ரிக்கே இல்லை. சில மாதங்களுக்கு முன் 1680 அக்டோபரில் இறந்துவிட்டார், பெருங்கடனோடு. பிள்ளைகள் முடித்தார்கள், கடன் தீரப் பல பத்தாண்டுகள் ஆயின.

மதியம் சிப்பி. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் சொல்லும்படி இல்லை. ஆகவே இந்த ஏரியில் சிப்பிக் குஞ்சுகளைச் சிமென்டால் கயிற்றில் ஒட்டித் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். எலுமிச்சை பிழிந்து, பக்கத்து ஊர் பிக்பூல் வெள்ளை ஒயினுடன். மாலையில் தியேல்: ஆக்டோபஸும் தக்காளியும் காரமும் வைத்து மூடிய சிறு அப்பம், இத்தாலிய மீனவர்கள் கொண்டுவந்தது. இந்தப் பயணத்தில் முதல்முறையாக நாக்கில் காரம் உறைத்தது, இரண்டு வாங்கினேன்.

அண்ணன் அறையில் வரைபடத்தை விரித்துவைத்திருக்கிறார். காரைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் செயின்ட் ஃபெரியோல் அணையைப் பார்க்காமல் வந்துவிட்டோம். தண்ணீர் கிளம்பும் இடத்தைப் பார்க்காமல் விமானம் ஏற மாட்டாராம். துலூஸிலிருந்து ரெவெல் ஊருக்குக் காலையில் பஸ் இருக்கிறது, அங்கிருந்து நடக்கலாம் என்கிறார். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "உனக்கு நல்லது" என்றார்.