லேட் ஆன பஸ்ஸும் வலது காலும்

பஸ் ஓட்டுகிறவர்களிடம் எது ரொம்பக் கஷ்டம், மழையா, மலைப்பாதையா, ராத்திரி டூட்டியா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் கடிகாரம்தான். மழையும் பனிமூட்டமும் கண்ணுக்குத் தெரிகிற விஷயம், பார்த்ததும் கால் தானாகவே தயங்கும். ஆனால் எட்டு நிமிஷம் லேட் என்கிற நினைப்பு மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு வலது காலை அழுத்துவது ஓட்டுகிறவருக்கே தெரியாது.

கணக்கைப் பார்த்துவிடலாம். 10 கிலோமீட்டரை மணிக்கு 60ல் ஓட்டினால் 10 நிமிடம். 70ல் ஓட்டினால் எட்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். எங்கேயும் நிற்காமல் போனால்கூட மிச்சம் ஒன்றரை நிமிடம் தேறாது, வழியில் ஒரு சிக்னல் சிவப்பாகிவிட்டால் அதுவும் போச்சு. ஆனால் பிரேக் பிடித்து வண்டி நிற்கிற தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 60லிருந்து 70க்குப் போனாலே அது சுமார் 36 சதவீதம் நீண்டுவிடும். இந்தப் பேரத்தில் யாருக்கு லாபம்?

அதைவிட முக்கியம், லேட் பெரும்பாலும் டிரைவரால் வருவதே இல்லை. ஒரு பஸ் கொஞ்சம் பிந்தினால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடுதலாக நிற்கும், ஏற நேரமாகும், அதனால் இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது சீக்கிரம் வந்து முன்னதோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பஸ் ஒன்றாக வந்துவிட்டு அப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமே வராத கதை இதுதான். நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் இதை 1964லேயே கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். இதற்குத் தீர்வு டிரிப் முடிகிற இடத்தில் கொஞ்சம் நேரத்தை உபரியாக விடுவது, நடுவே சில ஸ்டாப்களில் பஸ்ஸைப் பிடித்து வைத்து இடைவெளியைச் சரிசெய்வது. இரண்டும் ஷெட்யூல் போடுகிறவர் கையில் இருக்கிறது. ஆக்சிலேட்டரில் இல்லை.

சரி, சாலைக்கு வருவோம். மழை என்றதும் எல்லோருக்கும் கொட்டுகிற மழைதான் ஞாபகம் வரும். பல நாள் காய்ந்து கிடந்த சாலையில் விழுகிற முதல் தூறலை நான் அதைவிட அதிகமாகச் சந்தேகப்படுவேன். எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, டயர் தேய்ந்த துகள் எல்லாம் தண்ணீரோடு குழைந்து வழவழவென்று நிற்கும், நன்றாகக் கொட்டிக் கழுவிவிட்ட பிறகுதான் பிடிப்பு கொஞ்சம் திரும்பும். கொட்டுகிற மழையில் முன்னால் போகிற வண்டியின் டயர்த் தடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது என் வழக்கம். தடம் கொஞ்ச நேரம் கறுப்பாகத் தனியே தெரிந்தால் தண்ணீர் அதிகமில்லை. டயர் கடந்த உடனே தடம் மூடிக்கொண்டால் அங்கே நீர் நிற்கிறது, ஸ்டியரிங் சட்டென்று கைக்கு லேசாகிவிடும். அப்போது பிரேக்கை மிதிக்கவும் கூடாது, ஸ்டியரிங்கை ஒடிக்கவும் கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்திருந்தால் டயர் மறுபடி சாலையைப் பிடித்துக்கொள்ளும். காலி பஸ் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு, ஆனால் எடை குறைந்த வண்டி ஈரத்தில் சீக்கிரம் வழுக்கும். ரிடார்டர், அதாவது பிரேக்குக்குத் துணையாக வேகத்தைக் குறைக்கிற கருவி, உள்ள வண்டியில் வழுக்கும் சாலையில் அதை அணைத்துவிடுவது நல்லது, அது பின் சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கிறது.

60ல் போகும்போது ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறோம். பார்த்து, புரிந்து, காலை மாற்ற ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியாகப் போய்ச் சேர இன்னும் அரை வினாடி போல ஆகும். பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்குள்ளேயே 30 மீட்டருக்கு மேல் போய்விட்டோம். முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே இந்த இடைவெளியை விட்டால் உடனே ஒரு கார் வந்து நுழையும், எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும், மறுபடி பின்வாங்க வேண்டியதுதான். பஸ்ஸுக்குள் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், எதிலும் மோதாமலேயே ஒரு திடீர் பிரேக்கில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தவர்கள் உண்டு.

இறக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறுவதற்கு எந்த கியர் தேவையோ அதே கியரில் இறங்கு என்பது பழைய பாடம், சில மேடுகளில் அதற்கும் ஒரு கியர் குறைவாகவே தேவைப்படும். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும், பாதி வழியில் தேடினால் விழாமலே போகலாம். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் சூடேறி விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்துகிற ஷூவை விட்டு விலகும், ஷூவின் மேலுள்ள லைனிங்கும் பிடிப்பை இழக்கும், பெடல் வழக்கம்போல இருக்கும் ஆனால் வண்டி நிற்காது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது, எஞ்சின் பிடிப்பு அங்கேயே போய்விடுகிறது. எஞ்சினும் நின்றுபோனால் காற்றை நிரப்புகிற கம்ப்ரசரும் நிற்கும், பவர் ஸ்டியரிங்கும் போகும்.

இதையெல்லாம் தெரிந்த டிரைவரே ஏன் தவறு செய்கிறார்? பெரும்பாலும் களைப்பு. 17 மணி நேரம் விழித்திருக்கிற ஒருவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போலத் தடுமாறுகிறது என்று 1997ல் ஓர் ஆய்வு வந்தது. குடித்துவிட்டு வண்டி எடுக்க யாரும் விட மாட்டார்கள், தூங்காமல் வந்தவருக்கோ சாவி தாராளமாகக் கிடைக்கும். ஜன்னலைத் திறப்பது, பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். காபி வேலை செய்ய அரை மணி நேரம் போல ஆகும் என்பதால், குடித்த கையோடு பதினைந்து, இருபது நிமிடம் கண்ணை மூடிவிடுவது நல்ல யோசனை. மூன்று வினாடி கண் செருகினால் 60ல் 50 மீட்டர், அந்த நேரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை.

இன்னொன்று யாரும் எழுதாத விஷயம், கழிப்பறை. டிரிப்புக்கு நடுவே ஐந்து நிமிடம் ஷெட்யூலில் இருக்கும், லேட் ஆனால் முதலில் காணாமல் போவது அந்த ஐந்து நிமிடம்தான். அதனால் டூட்டி ஏறுவதற்கு முன்பிருந்தே தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம், பெண் டிரைவர்களுக்கு இது இன்னும் கொடுமை. மதியம் தலை வலிக்கும், கவனம் சிதறும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். பாதுகாப்பு வாரத்துக்குச் சுவரொட்டி அடிக்கிற செலவில் டிரிப் முடிகிற இடத்தில் ஒரு சுத்தமான கழிப்பறையைத் திறந்து வைத்தால் விபத்து கொஞ்சம் குறையும் என்பது என் கருத்து.

பயணி ஒருவர் சில்லறைக்கோ ஸ்டாப்பில் நிறுத்தாததற்கோ கத்திவிட்டு இறங்கிப் போய்விடுவார். அவர் போனபிறகுதான் ஆபத்து. பதில் சொல்லாத வார்த்தைகள் எல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும், கண் சாலையில் இருந்தாலும் பார்வை இருக்காது. அந்த மாதிரி நேரத்தில் கதவை மூடியதும் உடனே கிளம்ப மாட்டேன். இரண்டு பக்கக் கண்ணாடியையும் நிதானமாகப் பார்த்து, மூச்சை நீளமாக விட்டு, ஏறிய வயதானவர் உட்கார்ந்துவிட்டாரா என்றும் பார்த்துவிட்டுத்தான் கியர். அந்தக் கொஞ்ச நேரத்தில் கோபம் தீராது, கவனம் மட்டும் திரும்பி வரும்.

இந்த வேலை உடம்பை என்ன செய்கிறது என்பது புதுக் கேள்வி இல்லை. லண்டன் இரட்டைமாடிப் பஸ்களில் மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று ஜெரி மோரிஸ் குழு 1953ல் வெளியிட்டது. உடற்பயிற்சிக்கு ஆதாரமாகத்தான் அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த சீட்டில் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு, படி ஏறாததோடு மன அழுத்தமும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 153ஆம் உடன்படிக்கை 1979லேயே இடைவெளி இல்லாமல் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஓவர்டைம் சேர்த்து ஒரு நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்தது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் மிகக் குறைவு.

சக டிரைவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், லேட்டை மறைக்காதீர்கள். வேகமாக ஓட்டி அதை விழுங்கி ஷெட்யூல் சரியாக இருப்பதுபோலக் காட்டினால், மேலே இருப்பவர்களுக்கு அந்த நேரம் போதும் என்றே தெரியும், அடுத்த முறை இன்னும் இரண்டு நிமிடம் குறைப்பார்கள். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், எந்த இடத்தில் எவ்வளவு நின்றோம் என்பதை டூட்டி முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள், தேதியோடு. ஒருவர் எழுதினால் புலம்பல் என்பார்கள், அதே ரூட்டில் ஓட்டுகிற எல்லோரும் ஒரு மாதம் எழுதிச் சங்கம் வழியாகக் கொடுத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.