இரண்டு ஆணியும் ஒரு கொக்கியும்

எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே இரண்டு ஆணிகள் இருக்கின்றன. பால்கனிக் கூரையில் ஒரு கொக்கி. மும்பை செம்பூரில் இந்த வீட்டுக்கு 2009-இல் குடிவந்ததும் முதல் வேலையாக அடித்தவை. வருடம் முழுக்க இங்கே தொங்குகிற எல்லாமே அந்த மூன்றில்தான் தொங்கும். ஒன்றைக் கழற்றினால்தான் இன்னொன்றை மாட்ட இடம் கிடைக்கும்.

பருவத்துக்கு ஏற்ற அலங்காரம் என்றதும் எல்லோரும் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கோடைக்கு வெள்ளை, மழைக்குப் பச்சை, பண்டிகைக்குச் சிவப்பும் மஞ்சளும். இத்தனை வருடம் என் கையால் செய்து மாட்டிப் பார்த்த பிறகு, மும்பையில் முதலில் பார்க்க வேண்டியது காற்றில் இருக்கும் ஈரம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜூலையில் ஒரு காகிதப் பூவை வாசலில் மாட்டினால் மூன்றே நாளில் நமுத்த அப்பளம் போலத் துவண்டுவிடும். அதே பூ டிசம்பரில் ஒரு மாதம் மொடமொடவென்று நிற்கும். எதைச் செய்வது என்பதை அந்த ஈரம்தான் தீர்மானிக்கிறது. நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மழை முடிந்து மாட்டுவது கந்தீல். மராட்டியர்கள் தீபாவளிக்கு வீட்டு முன்னால் தொங்கவிடுவார்களே, அந்த ஆகாஷ் கந்தீல். நான் இதைக் கற்றுக்கொண்டது தாராவியில். 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழ்வீடு எங்களுடையது, மேல்வீடு ஒரு மராட்டிக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் காகூ என்று கூப்பிடுவோம். சித்தப்பா மனைவியை அவர்கள் கூப்பிடும் முறை அது. 1988 தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காகூ என்னை உட்கார வைத்து 24 மூங்கில் சிம்புகளை எண்ணிக் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த எண்ணிக்கையை நான் இன்றுவரை மாற்றியதில்லை.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பார்ப்பதற்குத்தான் கடினம். கூடை, முறம் முடைகிறவர்களிடம் கேட்டால் மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவித் தருவார்கள். ஒவ்வொன்றும் 20 செ.மீ. நீளம், துளியும் கூடக் குறையக் கூடாது. நான்கு நான்காக நூலால் கட்டினால் ஆறு சதுரங்கள் வரும். இனி மூலைக்கு மூலை கட்ட வேண்டும். ஒரு சதுரத்தின் ஒரு மூலை இன்னொரு சதுரத்தின் ஒரு மூலையோடு மட்டும் சேர வேண்டும். இப்படிப் பன்னிரண்டு முடிச்சுகள். பன்னிரண்டாவதைப் போட்டதும் சதுரங்களுக்கு நடுவே எட்டு முக்கோணங்கள் தாமாகவே வந்து நிற்கும். முக்கோணம் செய்ய என்று நாம் ஒரு குச்சியும் தனியாக வைப்பதில்லை. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இன்றும் அந்தக் கடைசி முடிச்சு வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன்.

பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கட்டி முடித்த கூடு நேராக நிற்காது. மேலே கை வைத்தால் அப்படியே முறுக்கிக்கொண்டு சுருங்கும். முடிச்சு தளர்வு என்று நினைத்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள். முடிச்சில் தப்பே இல்லை. மூன்று குச்சி சேர்ந்த முக்கோணம் அசையாது. நான்கு குச்சி சேர்ந்த சதுரம் சாயும். கூட்டில் ஆறு சதுரங்கள் இருப்பதால் ஆறும் சேர்ந்து சாய்கின்றன. ஒவ்வொரு சதுரத்துக்கும் குறுக்கே மூலையிலிருந்து மூலைக்கு 28 செ.மீ. நூலை இழுத்துக் கட்டிவிட்டால் கூடு கல் மாதிரி நிற்கும். காகூ நூல் கட்ட மாட்டார். மடியில் வைத்துத் தொடையால் பிடித்துக்கொண்டே காகிதம் ஒட்டுவார், காகிதம் காய்ந்து இழுத்ததும் கூடு நிமிர்ந்துவிடும். எனக்கு அந்தப் பிடி வரவில்லை, அதனால் நூல்.

காகிதம், பட்டம் செய்கிற மெல்லிய காகிதம்தான். மேல்சதுரத்தை பல்புக்காகத் திறந்து விட வேண்டும், கீழ்ச்சதுரமும் திறப்பு. பக்கத்துச் சதுரங்கள் நான்கு, முக்கோணங்கள் எட்டு, ஆக 12 துண்டுகள். குச்சியைச் சுற்றி மடித்து ஒட்ட ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு செ.மீ. கூட விட்டு வெட்டுங்கள். முக்கோணங்களுக்கு எப்போதும் வெள்ளை வைப்பேன், அப்போதுதான் வெளிச்சம் வெளியே வரும். கீழே தொங்கும் வால்களை மராட்டியில் ஜிர்மிள்யா என்பார்கள். மூன்று செ.மீ. அகலத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு, நான்கு பக்கத்துக்கும் சேர்த்து 24. மாஹிமில் கந்தீல் கல்லி என்றே ஒரு தெரு இருக்கிறது, சீசனில் அங்கே போய் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால் வால் எப்படி விழ வேண்டும் என்று தெரியும். நான் இப்போதும் வருடம் ஒருமுறை போகிறேன்.

பட்டக் காகிதம் ஜனவரியில் சங்கராந்தி முடிந்த கையோடு விலை இறங்கும் என்று ஒரு வருடம் மொத்தமாக வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டேன். அக்டோபரில் எடுத்தால் சிவப்பு மஞ்சளில் இறங்கி, பச்சை வெள்ளையில் இறங்கி, எல்லாம் ஒரே திட்டுத் திட்டாக இருந்தது. நான்கு மாத மழை ஈரம் மூடிய பெட்டிக்குள்ளும் போய்விட்டது. இப்போது செப்டம்பர் கடைசியில்தான் வாங்குகிறேன், டோங்க்ரிப் பக்கம் பட்டக் கடைகளில். கூட இரண்டு காசு போனாலும் சரி.

பசைக்கு ஒரு பங்கு மைதா, நான்கு பங்கு தண்ணீர். சின்னத் தீயில் கண்ணாடி போல ஆகும்வரை கிண்ட வேண்டும். கரப்பானும் பூச்சியும் மைதாவைத் தேடி வரும் என்பதால் இறக்கியதும் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவேன். அது விஷம். அதற்கென்று ஒரு பழைய டப்பா, ஒரு குச்சி தனியாக வைத்திருக்கிறேன். சமையல் பாத்திரத்தில் ஒருநாளும் கலக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துத்தமே வேண்டாம்.

பல்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டின் முதல் தீபாவளியில் 40 வாட் குண்டு பல்பு போட்டேன். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு வெள்ளை முக்கோணம் நடுவில் பழுப்பாகிக்கொண்டிருந்தது. நல்லவேளையாகக் கண்ணில் பட்டு அணைத்தேன். அதிலிருந்து 3 வாட் எல்இடி. ஆனால் குண்டு பல்பின் சூடு காகிதத்தை உலர்த்திக்கொண்டே இருந்தது, எல்இடி அதைச் செய்யாது. இங்கே மழை விடைபெறும் நாள் வழக்கமாக அக்டோபர் 8 என்று வானிலைத் துறை குறித்திருக்கிறது. தீபாவளி அக்டோபர் 20-இல் வந்த 2025 போன்ற வருடங்களில் நடுவே அதிக இடைவெளி இல்லை, காற்றில் இன்னும் ஈரம் மிச்சம் இருக்கும். அதனால் படுக்கப் போகும்போது கந்தீலைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து விசிறிக்குக் கீழே வைத்துவிடுகிறேன்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், எங்கள் வீட்டுக் கந்தீல் தீபாவளியோடு இறங்குவதில்லை. திருக்கார்த்திகை வரை தொங்கும். அது அம்மா போட்ட ஏற்பாடு. "ஏளா, வெளக்கு மாசம் இனிமேத்தான வருது, அதுக்குள்ள எதுக்கு எறக்குத?" என்று தாராவி வீட்டிலேயே கேட்டார். காகூவுக்கும் அது பிடித்துப்போயிற்று. 2023-இல் இது சுலபமாக இருந்தது: நவம்பர் 12 தீபாவளி, 26 கார்த்திகை, 14 நாள்தான். 2024-இல் அக்டோபர் 31-லிருந்து டிசம்பர் 13 வரை 43 நாள். 2025-இல் டிசம்பர் 3 வரை 44 நாள். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் கந்தீல் எத்தனை நாளும் தாங்கும், வாஸ்தவம்தான். காகிதத்துக்குள்ளிருந்து வரும் வெளிச்சம் அதில் வருவதில்லை. நான் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்துக்கு வருகிறேன். அப்போது வாசலில் இருப்பது பனையோலை. அப்பாவுக்கு உடன்குடி. பக்கத்தில் மணப்பாட்டில் ஓலை முடைகிற பெண்கள் இன்றும் கொட்டானும் பெட்டியும் செய்கிறார்கள். மே மாதம் ஊருக்குப் போனால், விரியாத குருத்தை வெட்டி வெயிலில் காயவைத்த வெளிர் ஓலையை ஒரு கட்டு எடுத்து வருவேன். நாகர்கோவில் ரயிலில் அந்த வாசனை எங்கள் பெட்டி முழுக்க இருக்கும். ஈர்க்கை எடுத்துவிட்டு ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, பாதியைச் சாயப்பொடி கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுப்பேன்.

நான் செய்வது மிக எளிய பின்னல். வெள்ளை ஓலை ஒன்று, சாயம் போட்டது ஒன்று. இரண்டின் நுனியையும் குறுக்காக வைத்து ஒரு தையல். பிறகு கீழே இருப்பதை மேலே மடக்கி, அடுத்து மற்றதை அதன் மேல் மடக்கி, மாற்றி மாற்றிப் போனால் சதுரமான ஒரு சங்கிலி வளரும், வில் போலத் துள்ளும். முடைவதற்கு முன் ஓலையை அரைமணி நேரம் தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் மடிப்பில் முறியும். அம்மா என் விரல்மேல் விரல் வைத்துச் சொன்னது: "இழுக்காத, மடக்கு." பின்னியதை வாசலின் இரண்டு ஆணிக்கும் நடுவே தொங்கலாகக் கட்டினால் நான்கு மாதம் கிடக்கும். ஈரக் குடைகள் அதில் உரசும், தண்ணீர் தெறிக்கும், ஒன்றும் ஆகாது. பூஞ்சை வருவது மூடிய பைக்குள் வைத்த ஓலையில்தான், காற்றோட்டத்தில் தொங்கும் ஓலையில் நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் ஆகஸ்ட் நடுவில் ஒருமுறை எலுமிச்சம்புல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கிறேன், சுவடி நூலகங்களில் ஓலைச்சுவடிக்குப் பூசுகிறார்களே, அதே எண்ணெய். அந்த வாரம் வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் நின்று, என்ன வாசனை என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் தளத்தில் ஒரு வீட்டில் கணபதி வைப்பார்கள். சிலையைச் சுற்றி எழுப்பும் மண்டபத்தை மராட்டியில் மக்கர் என்பார்கள், அதை அலங்கரிப்பதில் நானும் சேர்ந்துகொள்வேன். முன்பெல்லாம் தெர்மாகோல்தான், சூடான கம்பியால் வெட்டினால் வெண்ணெய் மாதிரி இறங்கும். 2018 மார்ச்சில் மகாராஷ்டிராவில் தெர்மாகோலுக்குத் தடை வந்தது. முதல் வருடம் அட்டைப்பெட்டியில் வளைவு வரவே இல்லை. அட்டையின் ஒரு பக்கத்துத் தாளை மட்டும் ஈரத்துணியால் நனைத்து உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் நெளி வெளியே வந்து, எந்த வளைவுக்கும் சொன்னபடி கேட்கும் என்று அடுத்த வருடம் கண்டுபிடித்தோம். தூண்களுக்கு அந்த நெளியே அழகாக இருக்கிறது, பெயின்ட்கூட அடிப்பதில்லை.

தசரா அன்று பழைய ஓலை இறங்கும், மாவிலையும் சாமந்தியும் ஏறும். இதற்குச் செய்முறை வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும். அன்று இங்கே ஒருவருக்கொருவர் ஓர் இலையைக் கொடுத்து, தங்கம் என்று சொல்வார்கள். மராட்டியில் ஆப்டா. அது நம் ஆத்தி மரம் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. சோழர்கள் சூடிய ஆத்தி! தெரிந்த வருடத்திலிருந்து, கையில் வந்த இலைகளைச் சேர்த்து, மாவிலைத் தோரணத்தின் நடுவில் ஒரு கொத்தாகக் கோத்துவிடுகிறேன். இரட்டை இலை போல நடுவில் பிளந்த அந்த வடிவம் நூலில் தொங்கும்போது மிக அழகு.

பொங்கலுக்கு மாட்டுங்காவிலிருந்து மஞ்சள் குலை. ஆணிக்கு ஒன்றாக இரண்டு. அதைப் பிறகு கழற்றுவதே இல்லை, வாசலிலேயே காயட்டும் என்று விட்டுவிடுகிறேன். மார்ச் வரை அதுதான் அலங்காரம்.

இந்த டிசம்பர் 3-க்கு, தாராவியில் குயவர்கள் இருக்கும் கும்பர்வாடாவில் வாங்கிய அகல்களை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டேன், புது மண் எண்ணெயைக் குடிக்காமல் இருக்க. மே மாதக் கட்டில் மிச்சம் வைத்திருந்த ஓலையை வெட்டி ஓலைக் கொழுக்கட்டையும் செய்தேன். காய்ந்த ஓலைதான், பச்சை ஓலை வாசனை வராது, என்றாலும் ஆவி கிளம்பியதும் அம்மா ஹாலிலிருந்து எழுந்து வந்து அடுப்படியில் நின்றார். விளக்குகள் அணைந்த பிறகு கந்தீலை இறக்கினோம். 44 நாளில் இரண்டு வால் மட்டும் போயிருந்தது. என் மகள் காகிதத்தை உரித்தாள், குறுக்கு நூல்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்தாள். ஆறாவது நூல் அறுந்ததும் கூட்டின் தலையில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தினாள். அது முறுக்கிக்கொண்டே சுருங்கி, அவள் கைக்குக் கீழே ஒரு கட்டாக அடங்கியது. நூலைச் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாயிற்று. கொக்கி இப்போது காலியாக இருக்கிறது.